7.38 வண்டி, மூன்றாவது பெட்டி

ஆகஸ்ட் 4, திங்கள்

சித்தி தன் பழைய கேமராவை எனக்கே கொடுத்துவிட்டாள். உள்ளங்கையில் அடங்குகிறது. இம்மாதம் 29ஆம் தேதி பள்ளியில் படப் போட்டி. தலைப்பு ‘எங்கள் ஊர்த் தெரு’. பதினோராம் வகுப்பிலிருந்து நான் ஒருத்திதான் பெயர் கொடுத்திருக்கிறேன்.

தெருவில் படம் எடுப்பது பற்றி நூலகத்தில் ஒரே ஒரு புத்தகம் இருந்தது. அட்டை இல்லை. முதல் பதினெட்டுப் பக்கங்களும் இல்லை. ஆகவே பத்தொன்பதாம் பக்கத்திலிருந்து கற்றுக்கொள்கிறேன்.

முதல் நாள் முப்பத்தொரு படங்கள். எல்லாம் முதுகு. முன்னால் போய் நிற்கப் பயம். அண்ணன் பார்த்துவிட்டு, “இன்னாடி எழிலு, எல்லாம் முதுகாவே கீது? லத்தி சார்ஜுக்கு எடுத்து வச்ச ஆல்பமா?” என்றான்.

அண்ணன் பெயர் பரணி. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. எங்கள் ஊரிலிருந்து அந்தக் கல்லூரிக்குப் பேருந்தில் போகும் மாணவர்களுக்கெல்லாம் அவன்தான் ‘ரூட்டு தல’. அவன் சொன்னால் பாடுவார்கள், அவன் சொன்னால் நடுச்சாலையில் இறங்குவார்கள். இதற்குத் தேர்தல் எல்லாம் கிடையாது. யாரைப் பார்த்து மற்றவர்கள் பயப்படுகிறார்களோ அவன் தல. போன ஏப்ரலில் அவனுக்கு முழங்கையில் பதினொரு தையல் போட்டார்கள். கிரிக்கெட்டில் விழுந்தானாம். அண்ணன் கிரிக்கெட் விளையாடி நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

புத்தகம் சொல்கிறது: ஜூமைத் தொடாதே, காலால் நட. பள்ளி விட்டதும் மீன் மார்க்கெட்டுக்குப் போய் நடந்தேன்.

குப்பம்மா அக்காவின் கடைக்கு மூன்றடி தூரத்தில் கேமராவைத் தூக்கியதும் அவர், “ஏய் கண்ணாடி! இன்னாத்துக்கு என்னப் புடிக்கிற? நான் இன்னா செத்தா பூட்டேன், போட்டா புடிச்சு மாட்டி மாலை போட?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மீன் கழுவின தண்ணீரை ஒரு வாளி என்மேல் ஊற்றினார். மார்க்கெட்டே சிரித்தது. மூக்குக் கண்ணாடியில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது. கேமராவை மட்டும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டேன். அது எப்படி அவ்வளவு வேகமாக முடிந்தது என்று தெரியவில்லை.

துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

“இன்னும் நிக்கிறியா நீ?”

“நீங்க வெட்டறத எடுக்கணும்க்கா. முகம் வேணாம்.”

வாளியைக் கீழே வைத்தார். “வெட்றதத்தானே? எடு, எடு. இதோ பாரு, இவந்தான் எங்க வூட்டுக்காரன்” என்று ஒரு வஞ்சிரத்தைப் பலகையில் போட்டுக் கத்தியை ஓங்கினார்.

பொத்தானைப் பாதி அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தால், மீதியை அழுத்தியவுடன் படம் விழுந்துவிடும். முழுசாக ஒரே அழுத்தாக அழுத்தினால் அரை நொடி தாமதம். இன்றுதான் இது பிடிபட்டது. கத்தி இறங்கிவிட்டது, தலை இன்னும் விலகவில்லை. மீனின் கண் திறந்திருக்கிறது. என் முதல் நல்ல படம்.

சீருடையை அம்மா மூன்று தரம் துவைக்க வைத்தாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், தினமும் நிற்க வேண்டுமாம். நான்கு நாளில் ஜனங்களுக்கு நாம் மின்கம்பம் மாதிரி ஆகிவிடுவோம். எங்கள் பள்ளி ஸ்டேஷனை ஒட்டி இருப்பதால் இரண்டாம் பிளாட்பாரம், நடைமேம்பாலப் படியடி. காலை ஏழரைக்குப் படிக்கட்டுக் கம்பிகளின் நிழல் பிளாட்பாரத்தில் கோடு கோடாக விழுகிறது. தனி நோட்டு ஒன்று போட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் நேரம், இடம், வெளிச்சம், யார், என்ன தவறு. தவறு என்னும் பகுதிக்குத்தான் அதிக இடம் விட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

7.38 வண்டி எங்கள் ஸ்டேஷனில் நான்கு நிமிடம் நிற்கும், பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட. அப்போது மூன்றாவது பெட்டியிலிருந்து வேறொரு கல்லூரிப் பையன்கள் இறங்கி, பெட்டியின் தகரத்தில் தாளம் தட்டிப் பாடுவார்கள். அவர்களுக்கு ஒரு தல இருக்கிறான். இன்பராஜ். நெடுநெடுவென்று உயரம், கையில் சாப்பாட்டுப் பை.

இன்று பாலத்தின் மேலிருந்து இரண்டு பேர் அந்தப் பெட்டியைக் குறிவைத்துக் கல் எறிந்தார்கள். கல் இன்பராஜ்மேல் படவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் புருவத்தைப் பிளந்தது. அந்த அம்மா கத்தவே இல்லை. மடியிலிருந்த டிபன் பாக்ஸில் ரத்தம் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்பராஜ் தன் கைக்குட்டையை அவரிடம் கொடுத்துவிட்டுப் படியேறி ஓடினான். ஒருவன் அகப்பட்டான். அவன் தலைமுடியைப் பிடித்து இரும்புக் கைப்பிடியில் மோதினான். ஒரு தரம் இல்லை, நான்கு தரம். பல் ஒன்று படியில் உருண்டு கீழே வந்தது.

நான் ஒன்பது படங்கள் எடுத்தேன். எடுத்ததும் முதலில் செய்தது, தெளிவாக விழுந்திருக்கிறதா என்று திரையில் பார்த்ததுதான். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்தவன் என்னைப் பார்த்தான். விரல் முட்டியில் ரத்தம். “இன்னா ஸ்கூலு, படம் புடிக்கிறியா?”

“போட்டிக்கு.”

“போட்டிக்கு இதப் போட்டா பிரைஸ் தர மாட்டாங்கோ, டிசி தருவாங்கோ. நல்லா சிரிச்சினு இருக்கும்போது எடு. எங்கம்மா பார்க்கட்டும்.”

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றி மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அண்ணன் என் நோட்டைப் படித்துக்கொண்டிருந்தான்! இதுவரை என் புத்தகம் எதையும் அவன் தொட்டதில்லை. பக்கத்தில் உட்கார வைத்து எல்லாப் படங்களையும் காட்டச் சொன்னான். ஒரு மணி நேரம் இருந்தான்.

“இவன் டெய்லி வர்றானா?”

“டெய்லி. மூணாவது பெட்டி, ரெண்டாவது கதவு.”

“நாங்க அந்த ஸ்டேஷன்ல கால் வச்சாலே போலீசு துரத்துது. நீ தைரியமா நின்னு எடுக்கிற பாரு. நீதான்டி நம்ம வூட்ல ஆளு.”

புது மெமரி கார்டு வாங்கித் தந்தான். நோட்டின் பக்கங்களைத் தன் போனில் எடுத்துக்கொண்டான். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறதாம். போட்டியில் நான்தான் முதல் பரிசு என்றான். அம்மா கார்மென்ட் கம்பெனியிலிருந்து வந்ததும் சொன்னேன். “அவனா சொன்னான்?” என்று இரண்டு தரம் கேட்டாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்றைய கண்டுபிடிப்பு. எக்ஸ்பிரஸ் கடக்கும் இருபது நொடியில் பிளாட்பாரத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. எல்லாரும் வண்டியைத்தான் பார்ப்பார்கள். என் கேமரா போடும் ‘டிக்’ சத்தமும் கேட்காது. யாரையும் எவ்வளவு கிட்டே போயும் எடுக்கலாம். நோட்டில் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கூட்டமே இல்லாத ஒரு படம் வேண்டும் என்று ஒரு வாரமாகத் தவித்தேன். இன்று கிடைத்தது. வியாழக்கிழமைகளில் அவன் கூட்டாளிகள் என்.சி.சி. பயிற்சிக்காக முந்தின வண்டியிலேயே போய்விடுகிறார்கள். இன்பராஜ் மட்டும் தனியாக இறங்கி நிற்கிறான். போன வியாழனும் அப்படித்தான். படங்களை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தேன். நிழல்கோடுகளுக்கு நடுவில் ஒற்றை ஆள், சாப்பாட்டுப் பை, அவ்வளவுதான். அருமையாக இருக்கும். ஆனால் நான் அழுத்தும் நேரத்தில் அவன் கொட்டாவி விட்டுவிட்டான்.

“கெடுத்துட்டீங்க” என்றேன்.

“அட்த்த வாரம் வர்றேன் ஸ்கூலு. வாயத் தெச்சுனு வர்றேன், போதுமா?”

நோட்டில்: ‘வியாழன் தனி ஆள். 28 கடைசி வாய்ப்பு.’ அண்ணன் மாலையில் கேட்டான். காட்டினேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அண்ணனின் கூட்டாளிகள் மூன்று பேர் வந்து டீ குடித்தார்கள். நான் பரண்மேலிருந்து பழைய பாடப் புத்தகத்தை எடுக்க நாற்காலி போட்டேன். செய்தித்தாளில் சுற்றி சணல் கட்டிய நீளமான பொட்டலம் ஒன்று கையில் தட்டுப்பட்டது. கனமாக இருந்தது. அண்ணன் நாற்காலியை உதைத்தான். நான் விழுந்தேன். தாடையில் அடி. அவன் கூட்டாளிகள் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவனே ஐஸ் வாங்கி வந்து வைத்தான். “கோயில் விழாவுக்குப் பந்தல் சாமான்டி. கையில கிழிச்சிடும்னுதான்” என்றான்.

பந்தல் சாமானாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை பதினாறு. அண்ணன் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை. “நாளைக்கு ஸ்டேஷன் பக்கம் போவாத” என்றான். ஏன் என்று கேட்டேன். “சொன்னா கேளு.” நாளைக்குத்தான் கடைசி வியாழன் என்று அவனுக்கு நினைவில்லை போலும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

போனேன்.

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். 7.38 சரியான நேரத்துக்கு வந்தது. இன்பராஜ் இறங்கினான். என்னைப் பார்த்து இரண்டு விரலால் உதட்டை மூடிக் காட்டினான், வாயைத் தைத்துக்கொண்டு வந்ததாக. நான் சிரித்துவிட்டு, பொத்தானைப் பாதி அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். எக்ஸ்பிரஸின் ஹாரன் கேட்டது.

படியிலிருந்து நான்கு பேர் இறங்கினார்கள். முகத்தில் கைக்குட்டை. சட்டைக்குள்ளிருந்து செய்தித்தாள் பொட்டலங்களை உருவினார்கள். தாள் கிழிந்து பறந்தது. பட்டாக்கத்திகள். எக்ஸ்பிரஸ் வந்துவிட்டது. அதற்கப்புறம் சத்தமே இல்லை. வாய்கள் மட்டும் திறந்து திறந்து மூடின.

முதல் வெட்டு தோளில். இன்பராஜ் சாப்பாட்டுப் பையால் தடுத்தான். பை பிளந்து சோறு கொட்டியது. இரண்டாவது வெட்டுக்கு வலது கையைத் தூக்கினான். அந்தக் கை அப்புறம் கையாக இல்லை. அவன் விழுந்தான். விழுந்தவனைக் குனிந்து குனிந்து வெட்டினார்கள், குப்பம்மா அக்கா மீன் வெட்டுவது போல அவசரம் இல்லாமல். சோற்றிலும் கம்பி நிழலிலும் ரத்தம் ஓடி மஞ்சள் கோட்டைத் தாண்டித் தண்டவாளத்துக்குச் சொட்டியது.

எக்ஸ்பிரஸ் போய்விட்டது. அப்போதுதான் அவன் குரல் கேட்டது. “அம்மா” என்று இல்லை. “போதும்டா, போதும்டா” என்றான்.

நான் பதினான்கு தரம் அழுத்தியிருக்கிறேன். அழுத்தியது நினைவில் இல்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பள்ளிக்குப் போகவில்லை. போட்டிக்குப் படம் கொடுக்கவில்லை.

நால்வரில் ஒருவனை எனக்குத் தெரியும் என்று நேற்று எழுதவில்லை. ஒன்பதாம் படத்தில் அவன் கைக்குட்டை கழுத்துக்கு இறங்கிவிட்டது. முழங்கைத் தையல் தழும்பும் தெரிகிறது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் முகம் மிகத் தெளிவு. இவ்வளவு நல்ல படம் நான் எடுத்ததே இல்லை.

செய்தித்தாளில்: கல்லூரி மாணவர் உயிருக்குப் போராட்டம். வலது கையில் மூன்று விரல்கள் துண்டிப்பு. மர்ம நபர்கள் தப்பியோட்டம்.

ஆகஸ்ட் 30, சனி

அண்ணன் மாலையில் வந்தான். முடி வெட்டி, சவரம் செய்து, புதுச் சட்டை. சோறு கேட்டான். சாப்பிட்டுக்கொண்டே, “நீ அங்க நின்னத நம்ம செட்டு மொட்ட பாத்துட்டான். எடுத்தியா? காட்டு” என்றான்.

கேமராவைப் பிடுங்கிக்கொண்டான். எச்சில் கையாலேயே ஒவ்வொன்றாகத் தள்ளினான். அவன் முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்தேன்.

“தோ பாரு! கெத்தா வந்திருக்கேன்ல?” என்றான். “இந்த ஒன்பதாவத மட்டும் அழி. மத்தத என் போனுக்கு ஏத்து. ரூட்டு பசங்க ஸ்டேட்டஸ்ல வச்சா அந்த காலேஜ்காரன் ஒருத்தனும் ரயில் ஏற மாட்டான்.”

“அவர் விரல் போயிடுச்சு” என்றேன்.

“என் கைய அவன் அறுக்கலையா ஏப்ரல்ல? பதினோரு தையலு. எவனாச்சும் பேப்பர்ல போட்டானா?”

“போலீஸ்ல சொல்லிடுவேன்.”

தட்டை எறிந்தான். என் ஜடையைப் பிடித்துச் சுவரில் ஒரு தரம் மோதினான். காதுக்குள் எக்ஸ்பிரஸ் ஓடியது. பிறகு என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, மிக மெதுவாகச் சொன்னான்: “சொல்லு. இன்னான்னு சொல்லுவ? வியாழக்கெழம தனியா வர்றான்னு எவன் சொன்னான் எனக்கு? மூணாவது பெட்டின்னு எவன் எழுதினான்? ரயில் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுன்னு செவப்பு மையில எழுதினது எவன்? நீதான்டி எழிலு. நான் வெட்டினேன், நீ குறி சொன்ன. நீயும் நம்ம செட்டுதான்.”

கேமராவைத் தரையில் அடித்து மிதித்தான். கண்ணாடி வில்லை உருண்டு கட்டிலடிக்குப் போனது. படங்களை நான் காலையிலேயே சித்தியின் கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்னொரு கார்டிலும் எடுத்து வைத்துவிட்டேன். அதை அவன் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மூன்று முறை நோட்டைப் படித்தேன். அவன் சொன்னது எல்லாம் அதில் இருக்கிறது.

செப்டம்பர் 1, திங்கள்

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. சுவரில் இருந்த ரத்தத்தைத் துடைத்தது அவள்தானே. வேலைக்குப் போகாமல் என் தலையில் எண்ணெய் வைத்தாள், அடிபட்ட இடத்தைத் தொடாமல்.

“அப்பா லாரியில போனா மாசம் ஒரு தடவதான் வர்றாரு. எனக்கு அவன் ஒருத்தன் ஆம்பளப் புள்ள. ஜெயிலுக்குப் போனா திரும்பி வர்றப்ப மனுஷனா வருவானா? என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு, வாயத் தொறக்க மாட்டேன்னு.”

“அவருக்கும் அம்மா இருக்காங்கம்மா.”

அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். என் கன்னத்தில் அறைந்தாள். பிறகு அதே கையால் தன் வாயில் அடித்துக்கொண்டாள், நிறுத்தாமல், நான் கையைப் பிடிக்கும் வரை.

சத்தியம் செய்தேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அண்ணன் எனக்குப் புது கேமரா வாங்கி வந்திருக்கிறான். சித்தியுடையதைவிட நான்கு மடங்கு நல்லது. மன்னிப்புக் கேட்டான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

“இனிமே காலைல வேணாம், அங்க போலீசு நிக்கிது. சாயந்திரம் 5.10 வண்டி. அதுல சிவப்புப் பை மாட்டினு ஒரு ஒல்லிப் பய வருவான், இன்பராஜுக்கு அட்த்த ஆளு. சும்மா நின்னு எடு, போதும். எந்தப் பெட்டி, எந்த நாளு தனியா வர்றான்னு. உன்ன ஒரு பயலும் சந்தேகப்பட மாட்டான். நோட்டு போடு, முன்ன மாதிரி நீட்டா.”

சரி என்று தலையாட்டினேன். பயத்தில்தான் ஆட்டினேன். ஆனால் மாலையில் என் கால்கள் ஸ்டேஷனுக்குப் போயின. 5.10 வந்தது. சிவப்புப் பை போட்ட பையன் ஐந்தாவது பெட்டியில் உட்கார்ந்து, பரீட்சைக்கோ என்னவோ, வாய்விட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். கையில் கேமரா இல்லை. இருந்தும் ஐந்தாவது பெட்டி, ஜன்னலோரம், முகத்தில் மேற்கு வெளிச்சம் என்று என் கண் தானாகவே குறித்துவிட்டது. இதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 3, புதன்

பள்ளிக்கு என்று கிளம்பி ரயில்வே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அம்மாவுக்குச் செய்த சத்தியத்தை மீறுகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

பெண் எஸ்.ஐ. ஒருவர் இருந்தார். கார்டைக் கொடுத்தேன். ஒன்பதாம் படம் வந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“இத யாரு எடுத்தது?”

“நான்.”

“இவன் யாருன்னு தெரியுமா?”

“என் கூடப் பிறந்த அண்ணன். பரணி.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தண்ணீர் வரவழைத்தார். நான் குடிக்காமல் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். சிவப்பு மை இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டினேன். 5.10 வண்டியைப் பற்றியும் சொன்னேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

“இங்க பாரும்மா. போட்டோ போதும். இந்த நோட்டு வந்தா உன்னையும் கேள்வி கேப்பாங்க, வக்கீலு உன்னக் கோர்ட்ல நாற அடிப்பான். ப்ளஸ் ஒன் படிக்கிற. நான் இதப் பாக்கல. எடுத்துட்டுப் போ.”

நல்லவர்தான். அவர் முகத்தில் அது தெரிந்தது. நோட்டைக் கையில் எடுத்தேன். கதவு வரை நடந்தேன். எடுத்துக்கொண்டு போயிருந்தால் யாருக்கும் தெரியாது. அண்ணன் ஒருவனே எல்லாம் செய்தான் என்று ஆகியிருக்கும்.

திரும்பி வந்து மேசைமேல் வைத்தேன். “நான்தான் எழுதினேன், மேடம். தெரியாம எழுதினேன். ஆனா நான்தான் எழுதினேன்.”

செப்டம்பர் 4, வியாழன்

காலை ஆறு மணிக்கு வந்தார்கள். அண்ணன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். பின்சுவரில் ஏறினான். காலைப் பிடித்து இழுத்தார்கள். விழுந்ததில் பிரஷ் மேலண்ணத்தில் குத்தி வாயெல்லாம் நுரையும் ரத்தமும். பூட்ஸ் காலால் முதுகில் இரண்டு உதை. தெரு முழுக்கப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தது.

என்னைக் கடக்கும்போது அண்ணன் நின்றான். அடிப்பான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“நோட்ட எரிச்சிடு” என்றான் வாய்க்குள். “உன்னையும் இழுப்பானுங்க.”

“குடுத்துட்டேன்.”

வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்தைப் பிடித்து ஜீப்பில் தள்ளினார்கள். தலை கதவில் இடித்த சத்தம் கேட்டது.

இன்பராஜ் கண் விழித்துவிட்டானாம். எஸ்.ஐ. மேடம் சொன்னார். என்னை மாலை நான்கு மணிக்கு வாக்குமூலத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வயது பதினாறு என்பதால் வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். வரமாட்டேன் என்றாள். செத்தாலும் வரமாட்டேன் என்றாள். சித்திக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை.

மணி இப்போது மூன்றரை. அம்மா முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு, செருப்பை மாட்டி வாசலில் நிற்கிறாள். என் பக்கம் திரும்பவே இல்லை. எந்தப் பிள்ளைக்காக வருகிறாள் என்று நான் கேட்கப்போவதில்லை.